'தென்னிந்திய மான்செஸ்டர்' என்னும் அடைமொழியும் கோயம்புத்தூரின் நூற்பாலை வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கோயம்புத்தூர் நகரம் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என வழங்கப்படுகிறது. இவ்வடைமொழி நகரின் தொழில்வளத்தைச் சுட்டப் பயன்படினும், நகரம் உருவான முறையை மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மான்செஸ்டர் கடல் கடந்து வந்த பஞ்சையும் நிலக்கரியையும் கொண்டு துணி வணிகத்தால் வளர்ந்த நகரம். கோயம்புத்தூரோ தன்னைச் சூழ்ந்த சிற்றூர்களின் பருத்தி, வேளாண் முதலீடு, மலையருவி மின்சாரம், ஊரிலிருந்து நடந்து வந்த உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு நூல் நூற்ற நகரம். இவ்வேறுபாட்டை 19ஆம் நூற்றாண்டு முதல் அண்மைக்காலம் வரை வரலாற்று நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆலைத் தொழிலாளர், குறிப்பாகப் பெண் தொழிலாளர், இவ்வரலாற்றில் பெறும் இடமும் இங்கு விவாதிக்கப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: கோயம்புத்தூர், நூற்பாலை, கம்போடியாப் பருத்தி, பைக்காரா மின்திட்டம், ஆலைத் தொழிலாளர், பெண் உழைப்பு, நூல் சிட்டம்

1. முன்னுரை

ஒரு நகரத்துக்கு இன்னொரு நகரத்தின் பெயரை அடைமொழியாகச் சூட்டுவது குடியேற்ற ஆட்சிக் காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். அகமதாபாத் 'இந்தியாவின் மான்செஸ்டர்' எனப்பட்டது. கோயம்புத்தூர் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' எனப்பட்டது. பள்ளிப் பாடநூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் இன்றும் இப்பெயரைக் கையாளுகின்றன. பெயர் நிலைத்துவிட்டபின் அதன் பொருத்தத்தை எவரும் வினவுவதில்லை.

ஒப்புமை என்பது ஒன்றை விளக்குவதோடு வேறொன்றை மறைக்கவும் செய்யும். மான்செஸ்டரோடு ஒப்பிடும்போது ஆலை, புகைபோக்கி, முதலாளி, சந்தை ஆகியவை கண்முன் வருகின்றன. கிணறு, பருத்திக்காடு, மலையருவி, சிட்டம் சுற்றும் பெண் ஆகியவை கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. நகர வரலாறு தொழில் முனைவோரின் வாழ்க்கை வரலாறுகளின் தொகுப்பாகவே பெரிதும் எழுதப்பட்டமைக்கு இப்பார்வையும் ஒரு காரணம் எனலாம். தொழில் முனைவோரின் பங்கு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அவர்களுடைய முனைப்புக்கு அடித்தளமாக அமைந்தவை எவை என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவுக்கான விடை நகரத்துக்குள் இருப்பதைவிட நகரத்தைச் சூழ்ந்த நாட்டுப்புறத்திலேயே மிகுதியும் உள்ளது என இக்கட்டுரை வாதிடுகிறது.

2. மான்செஸ்டருக்காக ஒரு பருத்தி வயல்

மான்செஸ்டருக்கும் கோயம்புத்தூருக்கும் உண்மையான வரலாற்றுத் தொடர்பு ஒன்று உண்டு. அது ஆலைகள் வருவதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. இலங்காசயர் ஆலைகள் தமக்குத் தேவையான பஞ்சுக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமை உழைப்புத் தோட்டங்களையே பெரிதும் நம்பியிருந்தன. ஒரே நாட்டைச் சார்ந்திருப்பதன் இடரை உணர்ந்த ஆலை முதலாளிகள், இந்தியாவில் நீண்ட இழைப் பருத்தியைப் பயிரிடுமாறு கிழக்கிந்தியக் கம்பெனியை வற்புறுத்தினர். அதன் விளைவாக அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சிலர் இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டனர். சென்னை மாகாணத்தில் அச்சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் கோயம்புத்தூர். தென்னிந்தியத் தாவரங்களை ஓவியங்களோடு ஆவணப்படுத்திய மருத்துவரும் தாவரவியலாளருமான இராபர்ட் வைட், 1842 முதல் இங்குப் பருத்திச் சோதனைப் பண்ணைகளின் பொறுப்பை ஏற்றிருந்தார்.

அச்சோதனை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இங்குள்ள மழையின் அளவும் பருவமும் அமெரிக்க விதைக்கு ஒத்துவரவில்லை. உப்பம், நாடம் முதலிய பருத்தி வகைகளைத் தவசப் பயிர்களோடு மாற்றியும் கலந்தும் விதைத்துவந்த உழவர்களுக்குப் புதிய வகையில் போதிய ஆதாயமும் தென்படவில்லை. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்றது. இலங்காசயரில் ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர் பட்டினியுற்றனர். இந்தியப் பஞ்சின் விலையோ பன்மடங்கு உயர்ந்தது. சென்னையையும் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த இரயில்பாதை, போத்தனூர் வழியாக 1862இல் முழுமை பெற்றிருந்தது. ஆகவே கொங்குப் பகுதியின் பஞ்சு உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வுக்கு நேரடியாக ஆட்பட்டது.

இக்காலத்தில் கோயம்புத்தூர் மான்செஸ்டரைப் போன்ற நகரமாக இல்லை. மான்செஸ்டருக்குப் பஞ்சு அனுப்பும் வயலாகவே எண்ணப்பட்டது. இன்று பெருமைக்குரியதாகக் கருதப்படும் ஒப்புமையின் தொடக்கத்தில் இத்தகைய ஏற்றத்தாழ்வான உறவு இருந்தது என்பது கருதத்தக்கது.

3. கிணறும் கம்போடியாப் பருத்தியும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு அருகில் அமைந்திருப்பினும் கோயம்புத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியைச் சார்ந்தது. நொய்யலாற்றின் வாய்க்கால்களும் குளங்களும் பாசனம் தந்த நிலம் சிறிதளவே. ஏனைய நிலம் மானாவாரியாகவோ கிணற்றுப் பாசனத் தோட்டமாகவோ இருந்தது. பாறையைக் குடைந்து கிணறு வெட்டுவதற்குப் பெருஞ்செலவாகும். எருது பூட்டிக் கவலை இறைப்பதற்கு ஆளும் மாடும் வேண்டும். ஆகவே தோட்டக்கால் வேளாண்மை என்பது இப்பகுதியில் உழவர்க்கு ஒரு முதலீடாகவே இருந்தது. செலவைக் கணக்கிட்டு, விலை கிடைக்கும் பயிரை நாடும் மனப்பாங்கை அது வளர்த்தது.

இச்சூழலில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி இப்பகுதிக்கு வந்தது. அமெரிக்க இனத்தைச் சார்ந்த இவ்வகை, கிணற்றுப் பாசனத்தில் நன்கு விளைந்தது. நாட்டு வகைகளைவிட இதன் இழை நீண்டது. எனவே ஓரளவு மெல்லிய நூல் நூற்பதற்கும் ஏற்றதாயிற்று. சைதாப்பேட்டையில் இயங்கிய வேளாண் கல்லூரியும் இதே பத்தாண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. விதைத் தேர்வும் பருத்தி இனப்பெருக்க ஆய்வும் அங்கு நடைபெறலாயின. இராபர்ட் வைட்டின் சோதனை அரை நூற்றாண்டுக்கு முன்பு எய்தாத நோக்கம், உழவரின் கிணற்றடியில் நிறைவேறியது. ஆனால் அப்பஞ்சு மான்செஸ்டருக்குச் செல்லவில்லை. அருகிலுள்ள அரவை ஆலைகளுக்கும், பின்னர் உள்ளூர் நூற்பாலைகளுக்கும் சென்றது.

பருத்தியிலிருந்து விதையைப் பிரித்துப் பஞ்சைப் பொதியாகக் கட்டும் அரவை ஆலைகளே கொங்குப் பகுதியின் முதல் தொழிற்பள்ளிகள் எனலாம். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் தோன்றிய இவ்வாலைகளில்தான் நிலமுடைய நாயுடு, கவுண்டர் குடும்பங்கள் பலவும் எந்திரத்தோடு முதன்முதலாகப் பழகின. பஞ்சின் தரம், விலையின் போக்கு, எந்திரத்தின் பழுது ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே அக்குடும்பங்கள் நூற்பாலையை நோக்கி அடியெடுத்து வைத்தன.

4. முதல் ஆலைகள்: 1888 முதல் 1929 வரை

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலையான கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் 1888இல் தொடங்கப்பட்டது. காபித் தொழிலில் ஈடுபட்டிருந்தவரும் நகராட்சியின் முதல் தலைவராக இருந்தவருமான இராபர்ட் ஸ்டேன்ஸ் அதனைத் தோற்றுவித்தார். மக்கள் வழக்கில் அது 'ஸ்டேன்ஸ் மில்' ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காளீஸ்வரா மில் தோன்றியது. பாப்பநாயக்கன்பாளையத்தில் ஜி. குப்புசாமி நாயுடு 1910இல் தொடங்கிய இலட்சுமி மில் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. பீளமேட்டைச் சார்ந்த பி.எஸ்.ஜி. குடும்பத்தினர் 1920-களில் ஆலைத் தொழிலில் நுழைந்ததோடு, 1926இல் அறநிலையம் ஒன்றையும் நிறுவினர்.

இத்தொடக்கத்தைத் தென்னிந்தியாவின் பிற ஆலை நகரங்களோடு ஒப்பிடல் பயனுடையது. சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பின்னி நிறுவனத்தின் கையில் இருந்தன. மதுரை, தூத்துக்குடி, பாபநாசம் ஆகிய இடங்களின் ஆலைகள் ஹார்வி நிறுவனத்தின் ஆளுகையில் இருந்தன. அங்கெல்லாம் ஒரே ஐரோப்பிய நிறுவனம் பெரிய ஆலைகளை நடத்தியது. கோயம்புத்தூரில் பல உள்ளூர்க் குடும்பங்கள் நடுத்தர அளவிலான பல ஆலைகளை நடத்தின. ஆலைகளும் நகர நடுவில் குவியவில்லை. பீளமேடு, உப்பிலிபாளையம், சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் எனச் சாலையோரச் சிற்றூர்களில் பரவி நின்றன. ஆலை ஊரைத் தேடி வந்தது எனச் சொல்வதே இங்குப் பொருந்தும்.

மக்கள்தொகைக் கணக்கும் இக்காலத்து நகரின் நிலையைக் காட்டுகிறது. 1901இல் ஏறத்தாழ 53,000 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1911இல் ஏறத்தாழ 47,000 ஆகக் குறைந்தது. கொள்ளைநோயும் அதற்கஞ்சி மக்கள் வெளியேறியதும் இதற்குக் காரணங்கள். நகரின் சில பகுதிகளில் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் நினைவுகள். முதல் ஆலை தோன்றி இருபதாண்டுகள் கடந்த பின்னும் கோயம்புத்தூர் ஒரு சிறு நகரமாகவே இருந்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

5. பெருமந்தமும் பைக்காரா மின்சாரமும்

நகரின் போக்கை மாற்றியவை 1930-ஐ ஒட்டி நிகழ்ந்த இரு நிகழ்வுகள். ஒன்று உலகப் பெருமந்தம். மற்றொன்று பைக்காரா மின்திட்டம்.

1929இல் தொடங்கிய பெருமந்தம் வேளாண் விளைபொருள்களின் விலையை வீழ்த்தியது. பருத்தியும் நிலக்கடலையும் விற்று வாழ்ந்த பகுதியில் இது பேரிடியாயிற்று. உழவர்க்குக் கடன் கொடுத்து வட்டி பெறுவதும், விளைபொருளை வாங்கி விற்பதும் ஆதாயம் தருவனவாக இல்லை. வேளாண்மையிலும் வட்டித் தொழிலிலும் சுழன்ற பணம் வேறு வாயில் தேடிற்று. அதே நேரத்தில் பஞ்சின் விலை தாழ்ந்திருந்தது, கூலியும் தாழ்ந்திருந்தது. அயல்நாட்டுத் துணிக்கும் நூலுக்கும் எதிரான இறக்குமதி வரிகள் உயர்த்தப்பட்டிருந்தன. நூற்பாலை தொடங்குவதற்கு இதனினும் ஏற்ற காலம் வாய்த்தல் அரிது. உழவரின் துயரும் ஆலையின் தொடக்கமும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தன என்பது இக்காலத்தின் முரண்.

நீலகிரியில் பைக்காரா ஆற்று நீரை ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழி இறக்கி மின்சாரம் ஆக்கும் பணி 1929இல் தொடங்கி, 1932இல் மின் உற்பத்தி தொடங்கப்பெற்றது. கோயம்புத்தூர்ப் பகுதிக்கு அருகில் நிலக்கரி இல்லை. தொலைவிலிருந்து இரயிலில் கொண்டுவரும் நிலக்கரியைக் கொண்டு நீராவி எந்திரம் இயக்குவது சிறு முதலீட்டாளர்க்கு இயலாததாயிருந்தது. கொதிகலன், நீராவி எந்திரம், புகைபோக்கி, நிலக்கரிக் கிடங்கு ஆகியவற்றுக்கான செலவை மின்சாரம் நீக்கியது. மின்கம்பி செல்லும் இடமெல்லாம் ஆலை அமைக்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. ஒரே பத்தாண்டில் ஆலைகளின் எண்ணிக்கை பெருகியது. தென்னிந்திய ஆலை முதலாளிகளின் சங்கம் 1933இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்டமை இம்மாற்றத்தின் அடையாளம்.

1931இல் ஏறத்தாழ 95,000 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1941இல் 1.3 இலட்சமாகவும் 1951இல் இரண்டு இலட்சத்தை நெருங்கியும் வளர்ந்தது. மான்செஸ்டரை ஆக்கியது கால்வாயில் வந்த நிலக்கரி. கோயம்புத்தூரை ஆக்கியது மலையிலிருந்து இறங்கிய நீர். இது வெறும் எரிபொருள் வேறுபாடன்று. நிலக்கரி ஆலைகளை ஓரிடத்தில் குவித்தது. மின்சாரம் ஆலைகளை ஊர்தோறும் பரப்பியது. அதன் விளைவாகத் தொழிலாளர் குடியிருப்பு, சங்க அமைப்பு, நகர வடிவம் ஆகிய அனைத்தும் வேறுபட்டன.

6. நூல் யாருக்காக?

இலங்காசயரிலும் ஊர்களிடையே தொழிற்பிரிவினை இருந்தது. ஓல்டாம், போல்டன் முதலிய தென்பகுதி ஊர்கள் நூற்புக்கும், பிளாக்பர்ன், பர்ன்லி முதலிய வடபகுதி ஊர்கள் நெசவுக்கும் பெயர் பெற்றன. மான்செஸ்டர் காலப்போக்கில் பஞ்சும் துணியும் விலைபேசப்படும் கிடங்குகளின், சந்தையின் நகராயிற்று. இவ்வகையில் பார்த்தால் கோயம்புத்தூரை ஓல்டாமுக்கு ஒப்பிடுவது ஓரளவு பொருந்தலாம். கோயம்புத்தூர் ஆலைகள் பெரும்பாலும் நூற்றன, நெய்யவில்லை.

இதற்குக் காரணம் சந்தையின் அமைப்பே. அன்றைய சென்னை மாகாணம் கைத்தறிகள் மிகுந்த பகுதி. சென்னிமலை, பவானி, சேலம், கரூர் என நெசவூர்கள் கோயம்புத்தூரைச் சூழ்ந்திருந்தன. நெசவுப் பிரிவு தொடங்கப் பெருமுதலீடு வேண்டும். துணிச் சந்தையில் பம்பாய், அகமதாபாத் ஆலைகளோடு போட்டியிடவும் வேண்டும். நூலுக்கோ அருகிலேயே வாங்குவோர் இருந்தனர். இங்கிலாந்தின் விசைத்தறித் துணி இந்தியக் கைத்தறியை நலிவித்தது என்பது பொதுவாக அறியப்பட்ட செய்தி. கோயம்புத்தூரின் ஆலை அதே கைத்தறிக்கு நூல் கொடுத்து அதனைச் சார்ந்தே வாழ்ந்தது. கைத்தறியைப் பொறுத்தவரை இவ்விரு நகரங்களின் பங்கு ஒன்றுக்கொன்று நேரெதிரானது எனலாம்.

கைத்தறிக்குச் செல்லும் நூல் சிட்டம் வடிவில் இருத்தல் வேண்டும். ஆலையின் கதிர்களில் நூற்கப்பட்ட நூலைச் சட்டத்தில் சுற்றிச் சிட்டமாக்கும் பிரிவு 'ரீலிங்' எனப்பட்டது. அதில் பெரும்பாலும் பெண்களே பணியாற்றினர். அச்சிட்டம் நெசவாளர் வீட்டை அடைந்ததும் அதனை இராட்டையில் இட்டுத் தார் சுற்றியவர்களும் பெண்களே. ஆலைக்கும் தறிக்கும் இடைப்பட்ட பாதையின் இரு முனைகளிலும் பெண்ணின் கை இருந்தது. ஆலை முனையில் அதற்குக் கூலி இருந்தது. தறி முனையில் அது பெரும்பாலும் வீட்டு வேலையாகவே கணக்கிடப்பட்டது.

7. ஊரும் ஆலையும்: தொழிலாளர் வாழ்வு

ஆலைகள் சிற்றூர்களை ஒட்டி அமைந்தமையால் தொழிலாளர் பலர் தம் ஊரிலேயே குடியிருந்து ஆலைக்கு நடந்து வந்தனர். ஆலைச் சங்கின் ஒலி ஊரின் பொழுதை அளந்தது. சிறுநிலம் உடையோரும் நிலமற்ற கூலிகளும், நெசவுச் சாதியினரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆலைக்குள் ஒரே கூரையின்கீழ் நின்றனர். எனினும் ஊரின் சாதிக் கட்டமைப்பு ஆலை வாயிலோடு நின்றுவிடவில்லை. ஆள் எடுக்கும் அதிகாரம் மேஸ்திரிகளிடம் இருந்தமையால் உறவும் சாதியும் வேலைவாய்ப்பைத் தீர்மானித்தன. வேலையில் நிலைப்பதற்கும் மேஸ்திரியின் தயவு வேண்டியிருந்தது.

1930-களின் நடுப்பகுதியில் தொழிற்சங்க இயக்கம் வலுப்பெற்றது. காங்கிரசுச் சோசலிசக் கட்சியைச் சார்ந்தோரும் பொதுவுடைமையரும் ஆலைவாயில் கூட்டங்களை நடத்தினர். ஆலைத் தொழிலாளரிடையே பெருமதிப்புப் பெற்ற என்.ஜி. இராமசாமி 1943இல் இளம் வயதிலேயே மறைந்தார். 1937-38இல் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, மாகாணக் காங்கிரசு அரசு தொழிலாளர் நிலையை ஆராய விசாரணை மன்றம் ஒன்றை அமைத்தது. கூலி, வேலை நேரம், ஆளெடுப்பு ஆகியவை ஆலை முதலாளியின் தனி உரிமைகள் அல்ல, பொது விசாரணைக்கு உரியவை என்னும் கருத்து இதனால் நிலைபெறத் தொடங்கிற்று.

1946ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் துயரம் மிக்கது. அவ்வாண்டு சனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தைச் சார்ந்த இராமையன், இரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்னும் நான்கு ஆலைத் தொழிலாளர் கோயம்புத்தூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஆலைத் தகராறு ஒன்றின் தொடர்ச்சியாக நிகழ்ந்த கொலை வழக்கில் அவர்களுக்கு அத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்மீது காவல்துறை சுட்டதில் பதினொருவர் உயிரிழந்தனர். விடுதலைக்கு ஓராண்டே இருந்த நிலையில் இவை நிகழ்ந்தன. மான்செஸ்டர் தன் 1819ஆம் ஆண்டுப் பீட்டர்லூ படுகொலையைத் தன் நகர வரலாற்றின் மையத்தில் வைத்திருக்கிறது. கோயம்புத்தூரின் 1946 தொழிற்சங்க நினைவாகவும் இடதுசாரி இயக்க நினைவாகவுமே பெரிதும் எஞ்சியுள்ளது. அடைமொழியைக் கடன் வாங்கியோர் இந்நினைவுப் பண்பைக் கடன் வாங்கவில்லை.

8. வெளியேறிய பெண்களும் திரும்பி வந்த பெண்களும்

தொடக்ககால ஆலைகளில் பெண்கள் கணிசமான அளவில் பணியாற்றினர். ஆயினும் அவர்களுக்கென இயற்றப்பட்ட பாதுகாப்புகளே அவர்களை வெளியேற்றும் காரணங்களாகவும் பயன்பட்டன. இரவு வேலைத் தடை 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. சென்னை மாகாண மகப்பேற்று நலச் சட்டம் 1934இல் இயற்றப்பட்டது. ஆலைகள் மூன்று முறைகளாக இயங்கத் தொடங்கியதும், இரவில் பணிபுரிய இயலாத பெண்ணைவிட மூன்று முறைக்கும் வரத்தக்க ஆணையே நிருவாகம் நாடியது. மகப்பேற்றுக்கால ஊதியம் கூடுதல் செலவாகக் கருதப்பட்டது. விசைத்தறிக்கும் பின்னலாடைக்கும் ஏற்ற கூம்பு வடிவ நூலுக்குத் தேவை பெருகியபோது ரீலிங் பிரிவும் சுருங்கியது. இவ்வாறு, பெண்ணைக் காக்கும் சட்டமும் தொழில்நுட்ப மாற்றமும் சேர்ந்து ஆலைத் தொழிலாளி என்றால் ஆண் என்னும் தோற்றத்தை உருவாக்கின. சங்கங்கள் போராடிப் பெற்ற நிரந்தரப் பணி, பஞ்சப்படி, போனஸ் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஆண்களே துய்த்தனர்.

1990-களுக்குப் பின் நிலை மறுபடியும் மாறியது. நிரந்தரத் தொழிலாளரின் எண்ணிக்கையைக் குறைக்க முற்பட்ட ஆலைகள் பல, தென்மாவட்ட, வடமாவட்டச் சிற்றூர்களிலிருந்து மணமாகாத இளம்பெண்களை ஒப்பந்த முறையில் அழைத்து வந்தன. ஆலை வளாக விடுதியில் தங்கிச் சில ஆண்டுகள் பணியாற்றினால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை தரப்படும் என்னும் இம்முறை 'சுமங்கலித் திட்டம்' எனவும் திருமண உதவித் திட்டம் எனவும் வழங்கப்பட்டது. பயிற்சியாளர் என்னும் பெயரால் அவர்கள் நிரந்தரத் தொழிலாளரின் உரிமைகளுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். வெளியே சென்றுவரும் உரிமைகூட விடுதி விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டது. பெண்களின் இரவு வேலைக்கான தடை சமத்துவ உரிமைக்கு முரணானது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பெண்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளை நிபந்தனைகளாக விதித்தே அத்தடையை அது நீக்கியது. கொள்கையளவில் அது சமத்துவத்துக்கான தீர்ப்பே. ஆயினும் பேரம் பேசும் வலிமையற்ற நிலையில் ஆலைக்கு வந்த இளம்பெண்களுக்கு அச்சமத்துவம் இரவு முறையாகவே முதலில் வந்துசேர்ந்தது.

இங்கும் ஆலை நாட்டுப்புறத்தையே சார்ந்திருந்தமை நோக்கத்தக்கது. 1930-களில் விளைபொருள் விலை வீழ்ச்சி முதலீட்டை ஆலைக்கு அனுப்பியது. 1990-களில் வறண்ட மாவட்டங்களின் வேளாண் நெருக்கடியும் வரதட்சணைச் சுமையும் மகள்களை ஆலைக்கு அனுப்பின.

9. ஆலையிலிருந்து பட்டறைக்கு

கோயம்புத்தூர் ஆலைகளோடு முடிந்துபோன நகரமன்று. இறக்குமதி எந்திரத்தின் உதிரிப்பாகம் வந்துசேரும்வரை ஆலையை நிறுத்திவைக்க இயலாமையால், அருகிலேயே வார்ப்புப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் தோன்றின. ஜி.டி. நாயுடுவும் தா. பாலசுந்தரமும் 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கியமை இம்மரபின் புகழ்பெற்ற நிகழ்வு. மோட்டார் ஆலைக்கு மட்டுமன்றிக் கிணற்றுக்கும் சென்றது. கவலை இறைத்த கிணறுகளில் பம்புசெட்டு ஓடத் தொடங்கியது. பருத்திக்கு நீர் தந்த கிணறு ஆலையை வளர்த்தது. ஆலை பட்டறையை வளர்த்தது. பட்டறை மீண்டும் கிணற்றுக்குத் திரும்பியது. 1956இல் தென்னிந்திய நூற்பாலை ஆராய்ச்சிச் சங்கமும், 1962இல் நூற்பு எந்திரங்களை உற்பத்தி செய்யும் இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனமும் தோன்றியபோது, நகரம் நூலோடு நூற்கும் எந்திரத்தையும் ஆக்கும் நிலையை எய்தியது. நூற்புத் தொழில் நலிந்தபோது மான்செஸ்டரைப்போல் கோயம்புத்தூர் நெடுங்காலம் தளராமைக்கு இப்பட்டறை மரபு முதன்மைக் காரணம் எனலாம்.

10. ஆலை நின்ற பின் எஞ்சுவது

நலிவுற்ற ஆலைகள் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நாட்டுடைமையாக்கப்பட்டுத் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின்கீழ் வந்தன. ஸ்டேன்ஸ் மில் எனப்பட்ட முதல் ஆலையும் அவற்றுள் ஒன்று. அக்கழகத்தின் ஆலைகள் 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது நின்றன. பின்னர் முறையாக இயங்கவில்லை. தனியார் ஆலைகள் பல நகரத்தைவிட்டு வெளியேறின. அவற்றின் நிலம் வணிக வளாகங்களாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறிவருகிறது. அவினாசி சாலையில் 'இலட்சுமி மில்' என்பது இன்று பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் போக்குவரத்து விளக்கின் பெயராகவுமே பலருக்கு அறிமுகம். அவ்வளாகத்தின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் உணவகங்களும் கடைகளும் இயங்குகின்றன. பழைய கட்டடத்தை இடிக்காமல் பயன்படுத்துவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் செங்கல் சுவர் காப்பாற்றப்படுவதால் அதனுள் உழைத்தோரின் வரலாறும் காப்பாற்றப்பட்டுவிடுவதில்லை.

ஆலை மூடப்படும்போது எந்திரங்கள் ஏலம் விடப்படுகின்றன, நிலம் அளக்கப்படுகிறது. வருகைப் பதிவேடு, கூலிப் பதிவேடு, சங்கத்தின் கூட்டக் குறிப்பு, தண்டனை நோட்டீசு ஆகியவற்றுக்கு ஏலத்தில் விலையில்லை. ஒரு தொழிலாளி எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தப் பிரிவில் நின்றார், எத்தனை நாள் கூலியிழந்தார் என்பவற்றை அறிவதற்கு அத்தாள்களைத் தவிர வேறு எழுத்துச் சான்று இல்லை.

11. முடிவுரை

'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்னும் அடைமொழி கோயம்புத்தூரை வெளியிலிருந்து பார்க்கும் பார்வை. அப்பார்வையில் நகரம் வேறொன்றின் படியாகத் தெரிகிறது. உள்ளிருந்து பார்க்கும்போது பின்வரும் உண்மைகள் புலனாகின்றன.

முதலாவதாக, நகரத்தின் மூலப்பொருளும் முதலீடும் உழைப்பும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்தன. இரண்டாவதாக, நீர்மின்சாரம் ஆலைகளை ஊர்களுக்குள் பரப்பியமையால், நகரமும் ஊரும் முற்றிலும் பிரியாத ஓர் அமைப்பு உருவாயிற்று. மூன்றாவதாக, ஆலை கைத்தறியை அழித்து வளராமல் அதற்கு நூல் கொடுத்து வளர்ந்தது. நான்காவதாக, பெண்ணின் உழைப்பு இத்தொழிலின் தொடக்கத்திலும் அண்மைக்காலத்திலும் இன்றியமையாததாக இருந்தும், சங்கங்கள் வென்ற உரிமைகள் உறுதிபெற்ற இடைக்காலத்தில் மட்டும் அது ஆலைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

ஆகவே கோயம்புத்தூரின் வரலாற்றை எழுதுவோர் ஆலை வாயிலில் தொடங்குவதைவிடக் கிணற்றடியில் தொடங்குவதே பொருத்தமுடையது. எஞ்சியுள்ள ஆலைப் பதிவேடுகளைத் திரட்டிப் பல்கலைக்கழக நூலகங்களிலோ மாவட்ட ஆவணக் காப்பகத்திலோ சேர்ப்பதும், ரீலிங் பிரிவில் பணியாற்றிய மூதாட்டியரின் வாய்மொழியைப் பதிவு செய்வதும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகள். நிலம் இன்னும் பல ஆண்டுகள் விற்பனைக்குக் காத்திருக்கக்கூடும். அம்மூதாட்டியரின் நினைவு அவ்வளவு காலம் காத்திராது.